போர் லாரியும் மின்சாரமும்

ஜீப் என்னும் வண்டியை அறியாதவர் நம்மில் இரார். இரண்டாம் உலகப் போரின்போது பிறந்த அச்சிறு வண்டி, போர் ஓய்ந்த பின்னரும் நம் மலைச்சாலைகளில் நெடுங்காலம் ஓடியது, திரைப்படங்களிலும் ஓடியது. அதே போரில் அதனோடு சேர்ந்து உழைத்த மற்றொரு வண்டியின் பெயரோ, மோட்டார்த் தொழிலில் பழகியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அமெரிக்காவில் டாட்ஜ் கம்பெனியார் 1942 முதல் 1945 வரை உருவாக்கிய முக்கால் டன் லாரியே அது. அத்தகைய லாரி ஒன்றைச் செப்பனிட்டு, அதன் பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் மின்சார மோட்டாரைப் பொருத்தும் வேலையில் நானும் நண்பர்கள் மூவரும் இரண்டு ஆண்டுகள் ஈடுபட்டிருந்தோம். அந்த வேலையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முக்கால் டன் லாரி என்றால், வண்டியின் எடை முக்கால் டன் என்று பொருள் அன்று. பாதையில்லாத கரடுமுரடான நிலத்திலும் அவ்வளவு சுமையை அது தாங்கிச் செல்லும் என்று பொருள். வண்டியின் சொந்த எடை சுமார் இரண்டரை டன். நான்கு சக்கரங்களும் எஞ்சினால் சுழற்றப்படுவன. இரும்புக் கதவுகள் இல்லை; கூரை கித்தான் துணி; முன்கண்ணாடியை மடித்துக் கிடத்திவிடலாம். எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர்கள், கொள்ளளவு 3.8 லிட்டர், திறன் 92 குதிரைத் திறன். இன்று அதில் மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவுள்ள சிறு கார் எஞ்சின் ஒன்று ஏறத்தாழ அத்தனை திறனையும் தந்துவிடும். ஆயினும் அந்தப் பழைய எஞ்சினைக் குறைத்து மதிப்பிட வேண்டா. நிமிடத்திற்கு 1,200 சுற்றுகள் சுற்றும்போதே தன் முழுத் திருப்புவிசையையும் தரும்படி அது அமைக்கப்பட்டது. சேற்றில் புதைந்த சக்கரத்தை மெல்ல வெளியே இழுப்பதற்கு வேண்டுவது அதுதான், வேகம் அன்று.

இந்த முக்கால் டன் வரிசையில் மட்டும் இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் ஓடியவற்றைப் போலவே, நம் நாட்டின் கிழக்கு எல்லையிலும் அவை ஓடின. அசாமில் உள்ள லிடோவிலிருந்து பர்மாவின் காடுகளை ஊடுருவிச் சீனத்தின் குன்மிங் நகரம் வரை, 1,700 கிலோமீட்டருக்கும் மேலான வழி ஒன்று போர்க்காலத்தில் திறக்கப்பட்டது. அவ்வழியே 1945 ஜனவரியில் லிடோவிலிருந்து புறப்பட்ட முதல் வண்டித்தொடர், பிப்ரவரி 4 ஆம் நாள் குன்மிங்கை அடைந்தது. போர் முடிந்ததும், படைக்கு வேண்டாத வண்டிகள் ‘டிஸ்போஸல்’ என்ற பெயரில் விலைக்கு வந்தன. காண்ட்ராக்டர்களும் தோட்டக்காரர்களும் பஸ் முதலாளிகளும் அவற்றை வாங்கி, தத்தம் தேவைக்கு ஏற்ப வெட்டியும் ஒட்டியும் பல்லாண்டுகள் ஓட்டினார்கள்.

எங்கள் கைக்கு வந்தது அத்தகைய ஒரு வண்டிதான். எங்களுள் ஒருவருடைய தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, ஓய்ந்து, ஒரு கொட்டகையின் மூலையில் நின்றுகொண்டிருந்தது. அதனை இறக்கிக் கோயம்புத்தூரை அடுத்த ஒரு பட்டறைக்குக் கொண்டுவந்தோம். எஞ்சினைத் திறந்து பார்த்தபோது, இரண்டு சிலிண்டர்களில் வால்வு அமரும் இடத்திற்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே இரும்பு வெடித்திருந்தது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே அமைந்த பழைய வகை எஞ்சின்களுக்கு இது பழகிய நோய். புகை வெளியேறும் வால்வைச் சுற்றி வெப்பம் மிகுதி. நடுவில் இருக்கும் இரும்போ மெல்லியது. அது வெடித்தால் குளிர்நீர் சிலிண்டருக்குள் கசியும்.

இனி என்ன செய்வது? இதில்தான் எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழுந்தது. வெளிநாட்டிலிருந்து வேறோர் எஞ்சினைத் தருவிக்கலாம் என்றார் ஒருவர். மின்சார மோட்டாரைப் பொருத்திவிடலாம் என்றேன் நான். எங்களுடன் இருந்த மேஸ்திரி, ஐம்பது ஆண்டுகள் எஞ்சின்களோடு வாழ்ந்தவர். அவருக்கு என் யோசனை சற்றும் பிடிக்கவில்லை. “எஞ்சின் இல்லாத லாரி, சக்கரம் வைத்த பெட்டிதானே ஐயா!” என்றார்.

நான் அவருக்குக் கரிவாயுப் பஸ்களை நினைவூட்டினேன். போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, நம் மாகாணத்தில் பஸ்களின் பின்புறத்தில் ஓர் உலையைக் கட்டினார்கள். உலையில் கரியைப் போதிய காற்றில்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கும்; அதனை வடிகட்டி எஞ்சினுக்கு ஊட்டி வண்டியை ஓட்டினார்கள். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலத்தின் நெருக்கடிக்கு ஏற்ப வண்டியின் உணவை மாற்றுவது நமக்குப் புதிதன்று என்பது என் வாதம்.

மேஸ்திரி விடவில்லை. “போர் முடிந்ததும் உலையைக் கழற்றிப் போட்டார்கள். எஞ்சின் பழையபடியே பெட்ரோலைக் குடித்தது. நீங்கள் செய்யப்போவதைக் கழற்ற முடியுமா?” என்று கேட்டார்.

நான் கல்லூரியில் பல்லாண்டு பாடம் சொன்னவன். அவ்வளவு கூர்மையான கேள்வியை அங்கே அதிகம் கேட்டதில்லை. அந்தக் கேள்வியே எங்கள் வேலைக்குச் சட்டமாயிற்று. அடிச்சட்டத்தில் ஒரு புதுத் துளைகூடப் போடலாகாது, எதையும் அறுக்கலாகாது, வெல்டிங் பொறி ஒன்றுகூட அதன்மேல் விழலாகாது. டாட்ஜ் தொழிற்சாலையில் போட்ட துளைகளிலேயே எங்கள் புதுப் பாகங்கள் யாவும் அமர வேண்டும். எஞ்சினைக் கிரீஸ் பூசிப் பத்திரப்படுத்த வேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதி நால்வரும் கையொப்பமிட்டோம்.

பழைய மோட்டார் வண்டிகளுக்கென உலக அளவில் ‘பீவா’ என்ற கூட்டமைப்பு ஒன்று உண்டு. எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்த வண்டி, சரித்திர வண்டி என்ற இலக்கணத்திற்குப் பொருந்தாது என்று 2019 இல் அது தெளிவுபடுத்தியது; அப்படி மாற்றுவோர், மாற்றத்தைத் திருப்பிச் செய்யக்கூடியதாக வைத்துக்கொள்ளவும், கழற்றிய பாகங்களைக் குறியிட்டுக் காக்கவும் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மேஸ்திரி அந்தக் கூட்டமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவரே அல்லர்! நம் நாட்டிலும் பழைய வண்டிகளைத் தனியே பதிவு செய்வதற்கு 2021 இல் விதிகள் வந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டி, தன் முதல் உருவிலேயே, எஞ்சின் முதலியவை மாறாமல் இருக்க வேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. மின்மயமாக்கிய வண்டி பொதுச்சாலையில் ஓடுவதற்கும் அங்கீகாரம் பெற்ற சாதனம், தகுதி பெற்றவர் கையால் பொருத்துதல், பதிவில் மாற்றம் என்று பல உண்டு. எங்கள் லாரி தோட்டத்தின் எல்லைக்குள் மட்டுமே ஓடுவது. ஆகவே அந்த வழக்குகளுக்குள் நாங்கள் புகவில்லை.

மாணவர்கள் பலர், மின்மயமாக்குதல் என்றதும் மோட்டாரையும் பாட்டரியையும் பற்றியே கேட்கிறார்கள். உண்மையில் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அவற்றைத் தொடுவதற்கு முன்பே செலவாயிற்று. பிரேக் பிடிக்காத வண்டிக்கு எந்த மோட்டாரை வைத்தால்தான் என்ன?

சக்கரத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த லாரியின் சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு, சுற்றிலும் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டது. டயருக்குள் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தளர்த்தினால், பாதிச் சக்கரம் பீரங்கிக் குண்டுபோல் பாயும். எதிரே இருப்பவர் உயிர் தப்புவது அரிது. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகள் வேறு. இரு பாதிகளையும் பிணைக்கும் நட்டுகள் வேறு. எனவே, முதலில் வால்வின் ஊசியையே கழற்றி, காற்று முழுவதும் வெளியேறிய பின்னரே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும். மேஸ்திரி அந்த நட்டுகள் யாவற்றிற்கும் சிவப்புப் பெயிண்ட் பூசிவிட்டார். இன்னொரு விசித்திரமும் உண்டு. வண்டியின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை கொண்டவை; வழக்கத்திற்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும். இதை அறியாதவர்கள் நீண்ட குழாயை மாட்டித் தொங்கி, போல்ட்டையே முறித்துவிடுவதுண்டு.

பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. ஆனால் நான்கிற்கும் சேர்த்து ஒரே குழாய்த் தொடர். எங்கேனும் ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே போய்விடும். அக்காலத்து வண்டிகள் பலவும் அப்படித்தான். ஆகவே பழைய குழாய் ஒன்றைக்கூட நம்பாமல் அத்தனையையும் புதிதாக்கினோம், சக்கரச் சிலிண்டர்களை லேத்தில் கடைந்து உள்ளே புதுக் குழல் இறக்கினோம், ரப்பர்களை மாற்றினோம். கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டைப் பிடிக்கிறது. முன்னச்சின் முனைகளில் சக்கரம் திரும்பும் மூட்டுக்குள் கிரீஸும் துருவும் கலந்து களிமண்ணாகி இருந்தன. அதைச் சுரண்டி எடுத்தே மூன்று வாரங்கள் கழிந்தன. ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்து, துரு நீக்கி, மறுபடி அடுக்கினோம். அடிச்சட்டம் மட்டும் ஆச்சரியமாகச் சிறிதும் வளையாமல் இருந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். பயப்படாதீர்கள், பள்ளிக் கணக்குதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள வெப்ப ஆற்றலை நாம் வீட்டில் மின்கட்டணம் செலுத்தும் யூனிட்டாகச் சொன்னால், சுமார் 9 யூனிட். இந்த லாரியின் தொட்டி கொள்வது 114 லிட்டர். அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு மேல்! நாங்கள் வைத்த பாட்டரியிலோ 40 யூனிட்தான். இதைக் கேட்டதும் எங்கள் தோட்டக்கார நண்பர் முகம் வாடிவிட்டது.

ஆனால் அந்த ஆயிரம் யூனிட்டும் சக்கரத்திற்குப் போயிற்றா என்று பார்க்க வேண்டும். ஒரு தொட்டிப் பெட்ரோலுக்கு இந்த வண்டி சுமார் 240 மைல் ஓடும் என்பது படையினரின் கணக்கு. லிட்டருக்கு மூன்றரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மின்மோட்டார் வைத்தபின், சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி நாங்கள் அளந்தபோது, ஒரு யூனிட்டுக்கு மூன்று கிலோமீட்டர் கிடைத்தது. பெட்ரோல் ஒன்பது யூனிட் செலவழித்துக் கடந்த தூரத்தை, மின்சாரம் ஒன்றேகால் யூனிட்டுக்குள் கடந்துவிடுகிறது. படையினர் சுமையோடு காட்டுவழியில் ஓட்டினர். நாங்கள் சுகமாகத் தோட்டத்தில் ஓட்டினோம். ஆதலால் இரண்டையும் எடைக்கு எடை ஒப்பிடுவது நியாயமன்று. எனினும், பழைய எஞ்சினின் ஆற்றலில் பெரும்பகுதி ரேடியேட்டரையும் புகைக்குழாயையும் சூடாக்குவதிலேயே போயிற்று என்பதில் ஐயமில்லை. நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையத்திலும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதானே மின்சாரமாகிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஒன்பதை எட்டவில்லை.

எடைக் கணக்கு இன்னும் சுவையானது. வெளியே எடுத்தவை எஞ்சின், ரேடியேட்டர், அதிலுள்ள நீர், புகைக்குழாய், தொட்டி, அது நிறைந்த பெட்ரோல். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 400 கிலோ. உள்ளே வைத்தவை மோட்டாரும் அதன் கன்ட்ரோலரும் 90 கிலோ. பாட்டரி, பெட்டியோடு 300 கிலோ. போனதும் வந்ததும் சமம். சிறு காருக்கு இதே வேலையைச் செய்வோர் எடையைக் கண்டு தவிப்பார்கள். லாரியோ சுமை தாங்கவே பிறந்தது.

பாட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு கலமும் 3.2 வோல்ட் தருவது. அத்தகைய 45 கலங்களைத் தொடராக இணைத்தால் 144 வோல்ட். இந்த வகை, மற்ற லித்தியம் வகைகளைவிடச் சற்றுக் கனமானது. ஆனால் எளிதில் தீப்பற்றாதது. எங்களுக்கு அதுவே பெரிதாயிற்று. மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பெட்ரோல் கசிந்தால் மூக்கு அறியும். எஞ்சின் ஓடினால் காது அறியும். 144 வோல்ட் நேர்மின்சாரத்தை எந்தப் புலனும் முன்கூட்டி அறியாது. தொட்டால்தான் தெரியும், தொட்டால் உயிர் போகும். தகுந்த ஆசிரியரும் கையுறையும் இல்லாமல் எவரும் அதன் அருகில் செல்லலாகாது.

கன்ட்ரோலருக்குள்ளே மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை வெறுமையாக இருக்கும்போது பாட்டரியை நேராக இணைத்தால், ஒரு கணத்தில் பெருமின்னோட்டம் பாய்ந்து இணைப்பு முனைகளை உருக்கிவிடும். அதனால் முதலில் ஒரு மின்தடையின் வழியாக மெல்ல நிரப்பி, ஓரிரு நொடிகள் கழித்தே பெரிய சுவிட்சை மூட வேண்டும். வறண்ட வாய்க்காலில் மடையை ஒரேயடியாகத் திறந்தால் கரை உடையும் என்பது உழவர்கள் அறிந்ததே. விளக்குகளுக்கு இந்த வண்டியில் முதலிலிருந்தே 6 வோல்ட். அவற்றை மாற்ற மனம் வரவில்லை. அவற்றிற்கென ஒரு சிறு மாற்றியை வைத்தோம்; படைக்காலத்து விளக்கு இன்றும் அதே மங்கலான மஞ்சள் ஒளியைத் தருகிறது.

மோட்டாரைப் பழைய கியர் பெட்டியோடு இணைப்பதற்கு, இடையில் ஓர் இணைப்புத் தகட்டைக் கடைந்தோம். மோட்டார்த் தண்டின் மையமும் கியர்த் தண்டின் மையமும் மயிரிழையும் விலகலாகாது. விலகினால் பேரிங்குகள் சில மாதங்களில் தேய்ந்துபோகும். டயல் கேஜை வைத்துச் சுற்றிச் சுற்றி அளந்து, தகட்டை இரண்டு முறை லேத்திற்குத் திருப்பி அனுப்பியவர் மேஸ்திரிதான். எஞ்சின் போனதில் அவருக்கு வருத்தம் இருக்கலாம். கோணலாக ஒரு வேலை நடப்பதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது.

கியர் பெட்டி நான்கு கியர்கள் கொண்டது. நேர் கியரான நான்காவதில் மணிக்கு 50 கிலோமீட்டர் போனால், மோட்டார் நிமிடத்திற்கு 1,800 சுற்றுகளே சுற்றுகிறது. அது மோட்டாருக்கு மந்தமான வேகம். மூன்றாம் கியரில் 3,000 சுற்றுகள். அங்கே மோட்டார் குளிர்ச்சியாகவும் சிக்கனமாகவும் இயங்குகிறது. எனவே புறப்படுவதும் போவதும் பெரும்பாலும் மூன்றாம் கியரிலேயே. எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சியை அடைந்தால்தான் பலம் காட்டும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே தன் முழுத் திருப்புவிசையையும் காட்டவல்லது. அந்த வேகமே எண்பது ஆண்டுப் பழைய அச்சுகளுக்கு எமனாகக் கூடும். ஆகவே பழைய எஞ்சின் தந்த விசைக்கு மேல் போகாதபடியும், அதுவும் படிப்படியாக ஏறும்படியும் கன்ட்ரோலரில் எல்லை கட்டினோம்.

முதல் நாள் ஓட்டியபோது எங்களை வியப்பில் ஆழ்த்தியது அமைதி அன்று, ஓசை. எஞ்சினின் இரைச்சல் இத்தனை காலமும் மூடி மறைத்திருந்த கியர்களின் பாட்டு, அச்சுகளின் முனகல், பலகைகளின் சலசலப்பு எல்லாம் வெளியே வந்துவிட்டன. அந்த ஒலியைக் கொண்டே, முன்னச்சுக்கு விசை பங்கிடும் பெட்டியில் ஒரு பேரிங் தேய்ந்திருப்பதை மேஸ்திரி கண்டுபிடித்தார். பிரித்துப் பார்த்தோம், அப்படியேதான் இருந்தது.

தோட்டத்தின் அடிவாரத்திற்கும் மேலேயுள்ள தேயிலைத் தொழிற்சாலைக்கும் உயர வேறுபாடு 400 மீட்டர். வழி 6 கிலோமீட்டர். சுமையோடு 3 டன் எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் மூன்றேகால் யூனிட் வேண்டும். இதை நீங்களே பௌதிகப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கிடலாம். உராய்வு முதலிய நட்டங்களும் சேர்ந்து ஏறுவதற்கு ஏறத்தாழ 6 யூனிட் செலவாகிறது. இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, வண்டியைத் தடுத்து நிறுத்துவதோடு, ஒன்றரை யூனிட்டைப் பாட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பெட்ரோல் லாரி எதுவும் மலையிறங்கித் தொட்டியை நிரப்பியதில்லை!

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மின்சாரம் ஏற்றும் இடம் மேலே, தொழிற்சாலையில். இரவெல்லாம் ஏற்றிப் பாட்டரி நிரம்பி வழியும் நிலையில் காலையில் வண்டி இறங்கத் தொடங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பாட்டரியில் இடம் இராது. மோட்டாரின் தடுப்பு கிடைக்காது. 6 கிலோமீட்டர் இறக்கம் முழுவதும் அந்த ஒற்றைக் குழாய்ப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டியிருக்கும். டிரம்கள் சூடேறினால் அதன் பிடியும் தளரும். அதனால் பத்தில் ஒன்பது பங்கு ஏறியதும் தானாக நின்றுவிடும்படி அமைத்தோம். பாட்டரியை முழுதும் நிரப்பாமல் விடுவது வீண் என்று எண்ணிய தோட்டக்கார நண்பருக்கு, ஒரு நாள் பாட்டரியை முழுதும் நிரப்பிச் சமதரையில் ஓட்டிக் காட்டினோம். மிதியிலிருந்து காலை எடுத்தும் வண்டி மோட்டாரின் தடுப்பின்றி உருண்டுகொண்டே போனதைக் கண்டபின் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை.

லாரி இப்போது தோட்டத்தில் இலைச் சாக்குகளையும் நாற்றுகளையும் சுமக்கிறது. எஞ்சின், பட்டறையில் மரத்தாங்கி ஒன்றின்மேல் இருக்கிறது. அதன் போல்ட்டுகள் சீட்டு ஒட்டிய தகர டப்பாக்களில் இருக்கின்றன. நாங்கள் போட்ட கணக்கின்படி, மோட்டாரை இறக்கி எஞ்சினை மீண்டும் ஏற்றுவதற்கு இருவருக்கு மூன்று நாள் வேலை.

மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. வெடித்த வார்ப்பிரும்பைச் சூடாக்காமலே ஒட்டும் முறை ஒன்று உண்டு. வெடிப்பு நெடுகத் துளையிட்டு, மரை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி உலோக ஆணிகளை வரிசையாக முறுக்கி இறக்கி, தையல்போலத் தைத்துவிடுவார்கள். வெல்டிங்கின் வெப்பத்தால் புதுவெடிப்பு உண்டாகும் அச்சம் அதில் இல்லை. இரண்டு சிலிண்டர்களில் ஒன்றை அவர் அவ்வாறு தைத்து முடித்திருக்கிறார். நீரை அழுத்தி ஏற்றிச் சோதித்ததில் ஒரு துளியும் கசியவில்லை. அடுத்ததைத் தொடங்கிவிட்டார். அதுவும் தேறிவிட்டால், அந்த மூன்று நாள் வேலையைச் செய்வதா வேண்டாமா என்று நாங்கள் நால்வரும் மறுபடியும் உட்கார்ந்து வாதாட வேண்டும்.